பித்தும் பாட்டும்

பித்து என்னும் சொல் சைவ நன்மக்கட்குப் புதியதன்று. புத்தூரிலே திருமணப் பந்தரின்கண் ஓலை காட்டி வழக்குரைத்த முதுமறையவரை நம்பியாரூரர் வெகுண்டு இகழ்ந்த சொல் அது. அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக எனத் திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் பணித்தருளினான்; வசைமொழி திருப்பதிகத்தின் முதன்மொழியாயிற்று. மணிவாசகப் பெருமான் தம்மைப் பித்தராக்கிய பேரருளை நினைந்து நினைந்து உருகுவர். காரைக்காலம்மையார் உலகர் விரும்பும் வனப்பினை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றனர். ஆதலின், பித்து என்ற அளவிலே அதனை ஒரு பெருநிலையாகக் கருதும் வழக்கம் அடியார் கூட்டத்துள் வேரூன்றி நிற்கின்றது.

இவ்வழக்கத்தை ஆராயாது கொள்வதனால் இருவகைப் பிழைகள் பிறக்கின்றன. மனநோயால் வருந்துவோர் பிதற்றும் மொழிகளை அருள்வாக்கெனக் கொண்டு, அந்நோயைத் தீர்க்க முயலாது விடுதல் ஒன்று. உளநூல்களை மேலெழப் பயின்றோர், அடியார்தம் அழுகையையும் ஆடலையும் பாடலையும் நோயின் குறிகளே என எளிதின் முடிவு கட்டுதல் மற்றொன்று. முன்னது நோயாளர்க்குக் கேடு; பின்னது திருமுறைக்கு இழுக்கு. நோயின் நடுவிற் பிறந்த பாட்டு எத்தகையது, அன்பின் பெருக்கிற் பிறந்த பாட்டு எத்தகையது என நுணுகி நோக்காமையே இவ்விரண்டற்கும் காரணமாம்.

இதனைத் தெளிதற்கு, உண்மையாகவே மனநோய்க்கு ஆட்பட்டு, அதனிடையிலும் பாடிய கவிஞரை ஆராய்தல் நேரிய வழியாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் கூப்பர், கிறிஸ்தோபர் ஸ்மார்ட் என்னும் இருவரும் அதற்குத் தக்க சான்றாவர். இருவரும் கிறித்தவ சமயப் பற்றுடையோர். இருவரும் கடவுளைப் பாடியோர். இருவரும் பித்தர் விடுதியில் வைக்கப்பட்டோர். எனினும், நோய் ஒருவரிடமிருந்து வழிபாட்டைப் பறித்தது. மற்றொருவர்க்கு அதனை ஓயாத வழிபாடாக்கிற்று. இவ்வேறுபாடே இருவரையும் ஒருங்கு வைத்து நோக்கத் தூண்டுகின்றது.

மருத்துவ நூலார் உளப்பிறழ்வு எனக் கூறுவது தனி ஒரு நோயன்று. பல நோய்களிலே தோன்றும் ஒரு நிலை. இல்லாத குரல் செவியிற் கேட்கும். எத்துணைச் சான்று காட்டினும் அசையாத பொய்த்துணிவு உள்ளத்தே ஊன்றும். எண்ணங்களின் கோவை சிதையும். சித்தாந்த நூல்களைப் பயின்றோர்க்கு இதன் இயல்பை உணர்தல் அரிதன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள். உயிர் அவற்றுள் ஒன்றன்று. அரசன் அமைச்சரோடு கூடி அரசியல் நடத்துதல் போல அவற்றோடு கூடி அறிவது எனச் சிவஞானபோதம் தெளிவிக்கும். சித்தம் சிந்திக்கும், மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் யானே இதனைத் துணிவேன் என எழும், புத்தி துணியும். உளப்பிறழ்விலோ, ஐயுறுதலாகிய மனத்தின் தொழில் தடைப்பட, புத்தி அதனைக் கடந்து துணிந்துவிடுகின்றது. அமைச்சர் நோயுற்றமையால் அரசன் இலன் என்று கூறுவார் யாருமிலர். கண்ணிற் படலம் படர்ந்தவன் காண்பான் அல்லனாகாமை போல, கரணம் பிறழ்ந்தவனும் அறிவான் அல்லனாகான்.

இனி, இக்கருத்திற்கும் பாட்டிற்கும் உள்ள இயைபு யாதெனின், அது உவமையின்கண் விளங்கும். உவமமாவது இரு பொருள்களை ஒன்றுபடுத்திக் காண்டலும், அவை வேறென்பதை மறவாமையும் ஆகிய இரண்டும் கூடியது. பவளம் போலும் வாய் என்பவன், வாயைப் பவளமென்றே கொண்டு கடைத்தெருவில் விலை பேசான். உளப்பிறழ்வில் முதற்கண் தொலைவது இப் ‘போல்’ என்னும் உருபே. கைவிடப்பட்டவனைப் போல வருந்துகின்றேன் என்னும் நினைவு, கைவிடப்பட்டவன் யானே என்னும் துணிவாக இறுகிவிடும். அதனை மீண்டும் நெகிழ்த்து, உவமைக்கும் பொருளுக்கும் இடையே சிறிது வெளி காண்பது பாட்டின் தொழில். நோயாளர் பாட்டை மதிப்பிடுதற்கு இதுவே உரைகல்லாகத் தக்கது.

கூப்பர் 1731-ஆம் ஆண்டில் ஒரு சமய குருவின் மகனாகப் பிறந்தார். ஆறாம் அகவையிலே தாயை இழந்தார். இலண்டனிற் சட்டம் பயின்றார். 1763-இல் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியொன்று அவர்க்கு வாய்ப்பதாயிற்று. அதற்கெனச் சபைமுன் நின்று தேர்வு கொடுக்கவேண்டும் என்னும் அச்சம் அவர் உள்ளத்தை உடைத்தது. தம் உயிரைப் போக்கிக்கொள்ளப் பன்முறை முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் நத்தானியல் காட்டன் என்னும் மருத்துவர் நடத்திய விடுதியிற் சேர்க்கப்பெற்றார். அம்மருத்துவர் தாமும் கவிபாட வல்லவர். நோயாளரை அன்புடன் நடத்தியவர். அங்கே கூப்பர் தேறினார். விவிலியத்தைப் பயின்று அமைதியுற்றார். பின்னர் ஓல்னி என்னும் ஊரில் மேரி அன்வின் என்னும் அம்மையார் இல்லத்தில் வாழ்ந்து, ஜான் நியூட்டன் என்னும் குருவோடு கூடித் தோத்திரப் பாடல்கள் இயற்றினார். அவை 1779-இல் ‘ஓல்னித் தோத்திரங்கள்’ என வெளிவந்தன.

ஆனால் 1773-இல் நோய் மீண்டது. ஒரு கனவிலே, நின் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் ஒரு குரல் தமக்குத் தீர்ப்புரைத்ததாக அவர் உணர்ந்தார். அன்று தொட்டு 1800-இல் ஈஸ்ட் டிரெகாம் என்னும் ஊரில் இறக்குமளவும், இறைவன் தம்மை என்றென்றைக்கும் ஒதுக்கிவிட்டான் என்னும் துணிவு அவரை விட்டு முற்றும் நீங்கிற்றிலது. வழிபடவும் தமக்கு உரிமையில்லை எனக் கொண்டு, தேவாலயஞ் சென்று தொழுதலை ஒழித்தார். தாம் இயற்றிய தோத்திரங்களைப் பிறர் பாடிக் கண்ணீர் உகுப்ப, அவற்றைப் பாடத் தாம் தகுதியற்றவர் எனக் கருதி வாழ்ந்த அவலத்தினும் பெரிய அவலம் பிறிதொன்று உண்டோ?

இத்துன்பத்திற்கு அவர் சார்ந்த சமயமே காரணம் எனச் சிலர் கூறுவர். முத்தி பெறுவார் இன்னார், பெறார் இன்னார் என இறைவன் முன்னரே வகுத்துள்ளான் என்னும் கால்வினின் கொள்கை அவரைச் சூழ்ந்திருந்தது உண்மையே. ஆயினும் அதே கொள்கையினரான நியூட்டன் முதலிய நண்பர்கள், அவர் துணிவு பிழையென்றே பன்முறை எடுத்துக் காட்டினர், அவர் ஏற்றாரல்லர். ஆதலின் நோய்க்கு வேர் சமயமன்று. நோய் உடுத்த ஆடையே சமயத்தினின்று வந்தது. எச்சமயத்தார்க்கும் இஃது ஒக்கும். சைவர் ஒருவர் நோயுறின், அந்நோய் திருநீற்றையும் திருவைந்தெழுத்தையுமே தன் மொழியாகக் கொண்டு பேசும். அம்மொழியைக் கேட்ட அளவில் அதனை அருளென மயங்குதல் ஆகாது. எவ்வுயிரும் என்றும் கைவிடப்படுதல் இல்லை, ஒறுத்தலும் அருளே என்னும் சித்தாந்தத் துணிபு வருந்துவார்க்குப் பேராறுதலாவது மெய்யே; எனினும் உண்மைக் கொள்கை ஒன்றே கரணத்தின் நோயைத் தீர்க்கும் எனக் கொள்வதும் பொருந்தாது.

இனி அவர் பாடல்களை நோக்குக. 1774-ஆம் ஆண்டினை ஒட்டி, நோய் மிக்கிருந்த காலத்தே அவர் இயற்றிய சிறு பாட்டொன்று உண்டு. கிரேக்கத்திலிருந்து வந்த சாப்பிக் என்னும் கடிய யாப்பில் அமைந்தது அது. யூதாசினும் தாம் இழிந்தவர் என்றும், உயிரோடே புதைந்தவர் என்றும் அதன்கண் கூறுவர். அங்கே உவமை இல்லை, துணிவே உண்டு. ஆயினும் யாப்பு சிறிதும் தவறவில்லை. உள்ளே கரணங்கள் சிதறிக்கிடக்க, சீரையும் தளையையும் எண்ணிக்கொண்டிருக்கும் அறிவொன்று இடையறாது விழித்திருந்தது என்பதற்கு அவ்யாப்பே சான்றாம்.

1785-இல் வெளிவந்த ‘டாஸ்க்’ என்னும் நெடும்பாட்டிலோ, அவர் தம்மை அம்பு தைத்துக் கூட்டம் பிரிந்த மானாகக் காண்கின்றார். தானும் அம்பேறுண்ட ஒருவன் அம்மானை அணுகி அம்பினைக் களைந்து ஆற்றினான் என்கின்றார். ஏசுநாதரைக் குறித்தது அது. ஈண்டு உவமை மீண்டது. மீளவே, துன்பத்தோடு துணையும் காட்சிக்கு வந்தது. யானே ஒதுக்கப்பட்டேன் என்னும் துணிவு ஒருவனைத் தன்னொடு மட்டும் அடைத்துவிடும்; மான் என்னும் உவமையோ, அதனைத் தேடி வருவான் ஒருவனுக்கும் இடந்தந்தது.

அவர் இறுதியாக இயற்றிய சிறந்த பாட்டு 1799-இல் தோன்றிய ‘காஸ்ட்டவே’ என்பது. கைவிடப்பட்டோன் என்பது அதன் பொருள். ஆன்சன் என்னும் கடற்படைத் தலைவரின் உலகச் செலவைப் பற்றி 1748-இல் வெளிவந்த நூலில், புயலிடைக் கப்பலினின்று அலையால் வாரப்பட்ட மாலுமி ஒருவனைப் பற்றிய செய்தி உளது. தோழர்கள் கண்டும், காற்றின் கொடுமையால் கப்பலைத் திருப்ப இயலாது போயினர். அவன் நெடும்பொழுது நீந்தி மாய்ந்தான். இச்செய்தியை அறுபத்தாறு அடிகளிற் கூப்பர் பாடினர். பாட்டின் பெரும்பகுதி மாலுமியின் கதையே. தம் துயர்க்கு ஒப்புமை தேடியே அக்கதையைப் பாடியதாகப் பின்னர்ப் புலப்படுத்தி, முடிவில் அம்மாலுமியும் தாமும் துணையின்றி மாய்வோராதலின் ஒப்பர், ஆனால் தாம் மூழ்கும் கடலே கொடிது, ஆழமே பெரிது என முடிப்பர்.

ஒப்புமை கூறிப் பின் வேறுபாடு காட்டும் இம்முறை தமிழ் அணிநூலார்க்கு நன்கு தெரிந்தது. தண்டியலங்காரம் இதனை வேற்றுமையணி என்னும். வேற்றுமையணி கூறவேண்டின், இருபொருளையும் அருகருகே வைத்து அளந்து நோக்கும் அறிவு வேண்டும். இறைவன் தம்மை ஒதுக்கினான் என்னும் பொய்த்துணிவு அப்பாட்டிலும் நீங்கிற்றிலது. ஆயின் அத்துணிவின் கீழ் அமிழ்ந்து கிடந்த உயிர், தன் துயரைத் தன்னின் வேறாக எடுத்துக் கரையில் வைத்து அளக்கின்றது. தோழர்மேற் குறை கூறாது, அவர் இயன்ற அளவு உதவினர் எனவும் சொல்கின்றது. பித்தென ஒதுக்குதற்குரிய பாட்டோ அது? பித்தினை உள்ளிருந்து கண்டு எழுதிய அரிய சான்று அது. நோயாளர் படுந்துன்பம் எத்தகையதென்பதை மருத்துவ நூல்கள் குறிகளாற் கூறும். இப்பாட்டு அதனை அனுபவமாக உணர்த்தும்.

இனி, ஸ்மார்ட் என்பார் 1722-இல் கென்ட் நாட்டிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் பயின்று, கடவுட் பாடல்களுக்குரிய சீட்டன் பரிசிலை ஐந்துமுறை பெற்றவர். ஓயாது தொழுக என்னும் விவிலியக் கட்டளையை எழுத்துப்படியே மேற்கொண்டு, தெருவிலும் பொதுவிடங்களிலும் முழந்தாளிட்டுத் தொழுதார். கண்டாரையும் உடன் தொழுமாறு வற்புறுத்தினார். 1757-இல் இலண்டன் செயின்ட் லூக் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று, ஓராண்டின்பின் தீராதவர் என விடப்பட்டார். பின்னர்ப் பெத்னல் கிரீனில் ஒரு விடுதியில் 1763 வரை அடைபட்டிருந்தார். இவர் பித்தாற் பிறர்க்குத் தீங்கில்லை, அடைத்துவைத்தல் வேண்டா என்பது பேரறிஞர் ஜான்சன் கருத்து.

அவ்விடுதியில் இருந்த காலத்தே அவர் எழுதியது ‘ஜூபிலாத்தே ஆக்னோ’ என்பது. அதன் ஏடுகள் 1939 வரை அச்சேறாது கிடந்தன. அச்சேறிய காலத்தும், கோவையற்ற பித்தர்மொழி எனவே பலர் எண்ணினர். 1954-இல் பாண்ட் என்னும் அறிஞர் அவ்வேடுகளை ஆராய்ந்து, வேறுவேறு தாள்களில் எழுதப்பட்ட இருவகை வரிகள் ஒன்றற்கொன்று விடையாக இணைந்து நிற்பன எனக் காட்டினார். ஒருவகை வரி, விவிலிய மாந்தர் ஒருவர் விலங்கு முதலியவற்றுள் ஒன்றோடு கூடி மகிழ்க என ஏவும். அதற்கு எதிர்நிற்கும் வரி காரணங் கூறும், அல்லது கவிஞர்தம் செய்தியை உரைக்கும். எபிரேயத் தோத்திரங்களில் ஒருவர் பாட மற்றவர் எதிர்பாடும் முறையை ஒட்டியது இவ்வமைப்பு. கோவையின்மை பாட்டில் இல்லை. தாள்களைப் பொருத்திக் காணாத கண்களிலேயே இருந்தது.

அந்நூலுள் யாவரும் விரும்பும் பகுதி, ஜெஃப்ரி என்னும் தம் பூனையைப் பற்றியது. அது காலையில் எழுந்து உடலை நக்குதலும், முதுகை நெளித்தலும், நகங் கூராக்கலும் ஆகிய செயல்களைப் படிமுறையாக எண்ணி, அவை அனைத்தும் அவ்வுயிர் தன் இயல்பிற்கேற்ப இறைவனைப் பணியும் வகைகளே என்பர். அடைபட்டவர்க்கு உடன் தொழுவார் எவருமிலர். கண்டோரை அழைத்ததே அவர்க்குக் குற்றமாயிற்று. இப்போது ஒரு பூனை உடன் தொழுகின்றது. எண்ணி அடுக்குதல் சிதறும் சித்தத்திற்கு ஊன்றுகோலாயிற்று. ஆயினும் அந்நூல் முழுதும் இத்தகையதன்று. எழுத்துக்களின் ஒலியிலும் சொற்களின் ஒப்புமையிலும் மறைபொருள் கண்டு, போல் என்னும் உருபு முற்றும் மறைய, ஓசை ஒத்தனவெல்லாம் பொருளும் ஒத்தன எனத் துணியும் பகுதிகளும் அதன்கண் உள. அவற்றையும் ஞானமெனப் போற்றுதல் திறனாய்வாகாது. உவமை உயிரோடு நிற்குமிடத்தே பாட்டு ஒளிர்கின்றது. அது மாய்ந்தவிடத்தே நோய் பேசுகின்றது.

ஸ்மார்ட் விடுதலை பெற்ற 1763-ஆம் ஆண்டிலேயே ‘தாவீதின் துதி’ என்னும் பாட்டு வெளிவந்தது. எண்பத்தாறு செய்யுட்களும் எண்முறை தவறாது தொகுத்துக் கட்டப்பட்ட மாளிகை அது. எனினும் அவர் இறந்தபின் 1791-இல் அவர் பாடல்களைத் தொகுத்தோர், அதனைப் பித்தின் எச்சமெனக் கருதி விலக்கினர். அவர் பாடல்களுள் தலைசிறந்ததெனப் பின்னுள்ளோர் போற்றுவது அதனையே. பித்தர் என்னும் பெயர் ஒருவர்மேல் ஒருமுறை விழுந்துவிடின், அவர் கூறும் செம்மொழியும் செவியேறாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இவ்விருவர் பாடல்களாலும் பாட்டு நோய் தீர்க்கும் மருந்தென்பது பெறப்படவில்லை. கூப்பர் பாடியும் நோய் தீர்ந்திலர். ஸ்மார்ட் கடன்பட்டோர் சிறையில் 1771-இல் மாண்டார். பித்தே பாட்டின் ஊற்று என்பதும் பெறப்படவில்லை. பித்து மிக்கவிடத்தே பாட்டு தளர்ந்தமையே காணப்படுகின்றது. பெறப்படுவது ஒன்றே: கரணம் கலங்கினும் அறிவான் அழிவதில்லை. சித்தாந்தம் அளவையால் நிறுவிய இவ்வுண்மைக்கு, அதனை அறியாத பிறநாட்டுக் கவிஞர் தம் துன்பத்தால் சான்று பகர்ந்தனர்.

இனி அடியார் பித்து யாங்ஙனம் வேறாம் எனின், ஞானநிட்டை கூடினோர் பாலரையும் உன்மத்தரையும் பேய்பிடித்தோரையும் போல ஒழுகினும் ஒழுகுவர் எனச் சிவஞானசித்தியார் கூறும். ஒழுகுதல் வேண்டும் என்று அது கூறவில்லை. ஞானிக்கு அவ்வொழுக்கம் உண்டாகலாம்; அவ்வொழுக்கம் உடையார் எல்லாரும் ஞானியராகார். ஈண்டும் உவமமே விளக்கந் தருகின்றது: உன்மத்தர் போல்வர் என்றமையால், உன்மத்தர் அல்லர் என்பது போந்தது. நோயில் உயிர் பிறழ்ந்த கரணத்தின் வண்ணமாகின்றது. அன்பில் கரணங்கள் சிவகரணமாகித் திருவருளின் வண்ணமாகின்றன. பயனும் வேறே. கூப்பரின் மாலுமி தனியே மாய்கின்றான். இறைவனைப் பித்தன் எனப் பாடிய ஆரூரரோ, திருத்தொண்டத்தொகையில் அடியார் ஒவ்வொருவர்க்கும் தம்மை அடிமையெனக் கூறி, ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே நிற்கின்றார். நோய் ஒருவனைத் தனியனாக்கும். அன்பு அவனை அடியாருள் ஒருவனாக்கும்.

எனினும் தனிமை நோயாளர் குற்றமன்று. அதனைப் போக்குதல் அருகிருப்போர் கடன். 1773-இல் கூப்பர் நோயுற்றபோது நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலே ஓராண்டிற்கு மேல் வைத்துப் பேணினார். மேரி அன்வின் தம் உடல் தளருமளவும் அவரை விட்டு நீங்கிற்றிலர். பாட்டுக்கள் பிறத்தற்கு இடமளித்தது அப்பணியே.

நோயை நோயெனக் கூறுதல் சைவ மரபிற்கு மாறன்று. கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் பிணியால் உணர்விழந்து கிடந்தபோது, திருப்பாச்சிலாச்சிராமத்திலே திருஞானசம்பந்தர் அதனைப் பிணியென்றே கொண்டு தீர்த்தருளினார். அருள்நிலையெனப் போற்றி வாளாவிட்டாரல்லர். 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து உளப்பிறழ்வுடையார்க்கு அளிக்கப்பட்டது முதல், இந்நோய்க்கு மருந்துகள் பல வந்துள்ளன. நோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் இந்நாட்டில் முற்றும் விலக்கியுள்ளது. கரணத்திற்கு மருத்துவம், உயிர்க்குத் திருவருள் நினைவு, இரண்டற்கும் துணையாக அன்புடையார் தொண்டு என மூன்றும் கூடி நடத்தல் வேண்டும்.

ஆதலின் இல்லத்தில் ஒருவர் சித்தங் கலங்கிப் பேசுங்கால், அவர் வாயினின்று தெய்வம் பேசுகின்றதெனத் தொழுதலும் தவறு. அங்கே பேசுவார் ஒருவரும் இலர் என்பதுபோலச் செவி மூடிக்கொள்ளுதலும் தவறு. அங்கே பேசுவது ஓர் உயிர்; இறைவன் உடனாய் நிற்கும் உயிர். சிதறிய தாள்களைப் பொறுமையோடு பொருத்திக் கண்டபோது ஸ்மார்ட்டின் பாட்டு வெளிப்பட்டது. அத்தகைய பொறுமை நோயாளர்பாலும் வேண்டற்பாலது. அதுவும் சிவத்தொண்டேயாம்.